மனசு வைத்தால் முடியாதா என்கிறவர்களுக்கு

“மனசு வெச்சா முடியாததா? மாலை போட்டா ஒரு மண்டலம் தொடாம இருக்கான்ல?” குடிக்கிறவரைப் பற்றி வீட்டில் பேச்சு வந்தால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. மாமனார் கேட்பார், மேஸ்திரி கேட்பார், படித்த மைத்துனரும் கேட்பார். விட வேண்டியவன் தானாக விட வேண்டும், அதற்காகக் குடியை விட நினைப்பவர்கள் கூடும் கூட்டத்தைத் தேடிப் போவது கையாலாகாத்தனம் என்ற தீர்ப்பு அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அது தவறான தீர்ப்பு. அதை நம்பிப் பலர் செத்திருக்கிறார்கள்.

மாலையையே எடுத்துக்கொள்வோம். அந்த ஒரு மண்டலமும் அவர் தனியாகவா இருக்கிறார்? வழிநடத்தக் குருசாமி இருக்கிறார். சாயங்காலம் பஜனை இருக்கிறது. தெருவே ‘சாமி’ என்று கூப்பிடுகிறது. பழைய கூட்டாளிகள் கடைக்குக் கூப்பிடத் துணிவதில்லை. அதே விரதத்தில் இருக்கும் பத்துப் பேரை அன்றாடம் பார்க்கிறார். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றியதும் இத்தனையும் ஒரே நாளில் கலைந்துவிடுகிறது. அந்த ஒரு நாளில் மன உறுதி எங்கே போய்விடும்? துணை போய்விட்டது, அவ்வளவுதான். குழந்தை தலையில் அடித்துச் செய்த சத்தியம் மூன்றாம் நாள் உடைவதற்கும் இதுதான் காரணம். பாசம் குறைந்ததால் அது உடைவதில்லை.

துணை என்ன செய்யும் என்பதற்கு ஒரு பழைய சம்பவம். 1935 மே மாதம். நியூயார்க்கின் பங்குத்தரகர் பில் வில்சன், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு ஹோட்டலில் நிற்கிறார். குடியை விட்டு ஐந்து மாதம் ஆகியிருக்கிறது. வந்த வியாபாரம் கைவிட்டுப் போயிற்று. ஹோட்டலுக்குள்ளேயே மதுக்கூடம். ‘நான் உறுதியானவன், தாங்குவேன்’ என்று அவர் அங்கேயே நிற்கவில்லை. தொலைபேசியைத் தேடிப் போய், ஊர்த் தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்து ஒரு போதகரைக் கூப்பிட்டு, தன்னைப் போலக் குடியோடு போராடுகிற யாரிடமாவது பேச வேண்டும் என்றார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். கால் மணி நேரம்தான் என்று சொல்லி வந்த அவர், ஆறு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து பேசினார். குடியை விட நினைப்பவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், நம் ஊரில் ஏ.ஏ. என்று சொல்லப்படும் அமைப்பு, அங்கேதான் தொடங்கியது.

அந்தச் சந்திப்புக்குப் பிறகும் டாக்டர் பாப் குடித்தார். ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போன இடத்தில் மறுபடி விழுந்தார். அதன் பிறகு ஜூன் 10 அன்று குடித்ததே அவருடைய கடைசிக் குடி, ஏ.ஏ. தன் பிறந்தநாளாகக் கொண்டாடுவதும் அந்த நாளைத்தான். “மீட்டிங் போயும் குடிச்சிட்டு வந்தான், இவன் தேறமாட்டான்” என்று கைகழுவுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த அளவுகோலை வைத்தால் நிறுவனர்களில் ஒருவரே தேறியிருக்க மாட்டார்.

மன உறுதிப் பேச்சில் இன்னொரு அபாயம் இருக்கிறது. பல வருடம் அன்றாடம் நிறையக் குடித்தவர் வீறாப்பாக ஒரே நாளில் நிறுத்தினால், அடுத்த சில நாட்களில் கை நடுங்கி, வலிப்பு வந்து, இல்லாதது கண்ணுக்குத் தெரிந்து, உயிரே போகலாம். அறையில் பூட்டிவைத்து விடவைக்கிற குடும்பங்கள் இதை அறிவதில்லை. முதலில் மருத்துவர், கூட்டம் அதற்குப் பிறகு. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை குடியை நோயாக எடுத்துக்கொண்டு சிகிச்சை தந்து வருகிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் குடியைத் திமிர் என்றே பேசிக்கொண்டிருக்கிறோம்.

கூட்டங்களால் பயன் உண்டா என்பதும் ஆராயப்பட்டதுதான். 2020இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற 27 ஆய்வுகளை அலசியது. முழுமையாகக் குடியிலிருந்து விலகியிருக்க, ஏ.ஏ.வோடு முறையாக இணைத்துவிடும் சிகிச்சை மற்ற பேச்சுச் சிகிச்சைகளைவிட அதிகம் உதவுகிறது என்று கண்டது.

ஆனால் எந்தக் கூட்டமும் எல்லோருக்கும் பொருந்திவிடாது. ஆங்கிலத்தில் நடக்கும் கூட்டத்தில் லாரி ஓட்டுநர் வாய் திறக்க மாட்டார். அவருக்குத் தமிழ்க் கூட்டம் வேண்டும். ஆண்களே நிறைந்த அறையில் ஒரு பெண் தன் கதையைச் சொல்லத் தயங்குவாள். பெண்களுக்கான கூட்டமோ இணையவழிக் கூட்டமோ அவளுக்குத் தேவை. தேவாலய வளாகத்தில் நடப்பதைப் பார்த்து மதம் மாற்றுவார்களோ என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. அது இடவசதி மட்டுமே, ஏ.ஏ. எந்த மதத்தையும் சார்ந்ததில்லை, கட்டணமும் கிடையாது, குடியை விடும் விருப்பம் இருந்தால் போதும். நாத்திகர்களும் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். முழுப்பெயர் சொல்லக் கூச்சமா? சொல்லவே வேண்டாம். குடும்பத்தினரும் வந்து கேட்கக்கூடிய திறந்த கூட்டங்கள் உண்டு, குடிநோயாளிகள் மட்டும் அமரும் மூடிய கூட்டங்களும் உண்டு. மனைவி மக்களுக்கு அல்-அனான் என்ற கூட்டம் தனியாக இருக்கிறது.

ஒரு கூட்டத்துக்குப் போய் ஒட்டாமல் திரும்பியவரைப் பார்த்து “உனக்கு மனசு இல்ல” என்று சொல்லிவிடுவதுதான் எனக்குப் பொறுக்கவே முடியாதது. அவர் செருப்பு மாட்டி, பஸ் ஏறி, முன்பின் தெரியாதவர்கள் நடுவே போய் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார். இன்னும் ஐந்தாறு இடங்களைப் பார்க்க அவருக்கு நேரமும் பஸ் காசும் கொடுங்கள். சனிக்கிழமைச் சம்பளம் வாங்குகிறவருக்குச் சனிக்கிழமை மாலையில் கூட்டம் எங்கே என்று நீங்களும் விசாரியுங்கள். எங்கே கேட்பதென்று தெரியாவிட்டால் 14446 என்ற இலவசப் போதை மீட்பு உதவி எண்ணில் தொடங்கலாம்.