பழுதறிந்து பழுது நீக்கல்

ஒரு பொருள் பழுதுற்றவுடன் அதனை எறிந்துவிட்டுப் புதியதொன்று வாங்குதல் இக்காலத்து வழக்காகிவிட்டது. குடையும் செருப்பும் போல்வனவாயின் அதனால் விளையும் நட்டம் பெரிதன்று. ஆனால் எழுத்தையும் ஒலியையும் தாங்கி நிற்கும் பொருளை அங்ஙனம் எறிதல் தகுமோ என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்த வினா.

2024-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் நம் புதுச்சேரியை அடுத்துக் கரை கடந்தது. மறுநாட் காலைக்குள் நகரிற் பெய்த மழை 46 சென்டிமீட்டருக்கும் மேலாகும். 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-இல் தானே புயலின் கொடுமையைக் கண்டவர்களும் இம்மழையைக் கண்டு திகைத்தனர். இத்தகைய காலங்களில் மின்சாரம் நிற்பதால் வரும் துன்பம் ஒருபுறமிருக்க, அது மீண்டு வருங்கால் விளையும் கேடு மற்றொருபுறம் உண்டு. மும்முனை மின்வழியில் நியூட்ரல் கம்பி அறுந்துவிடின், 230 வோல்ட் வரவேண்டிய வீட்டிற்கு 400 வோல்ட் அளவும் ஏறி வரக்கூடும்.

எம் நண்பர் ஒருவர், பாகூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் முதிய பெண்டிர் பாடும் நடவுப் பாட்டுக்களை ஈராண்டு அலைந்து ஒலிப்பதிவு செய்தவர். பாடினோருள் இருவர் இன்று உயிரோடில்லை. அப்பாட்டுக்கள் யாவும் ஒரே ஹார்டு டிஸ்க்கில் இருந்தன. புயலுக்குப் பின் மின்சாரம் வந்தபோது அதன் அடாப்டர் கருகிப்போயிற்று. அவசரத்தில் அவர் மடிக்கணினியின் அடாப்டரை எடுத்துச் செருகினார். முனை பொருந்தியது, மின்னழுத்தம் பொருந்தவில்லை. 12 வோல்ட் வேண்டிய இடத்தில் 19 வோல்ட் பாய்ந்தது. டிஸ்க் வாய் அடைத்துப்போயிற்று.

அவர் முதலிற் சென்று கேட்டவர், "போர்டு போய்விட்டது, எறிந்துவிட்டு வேறு வாங்குங்கள்," என்றார். அடுத்துக் கேட்டவரோ, "இப்போதே மூடியைத் திறந்து பார்த்துவிடுவோம்," என்று திருப்புளியைக் கையில் எடுத்தார். இவ்விருவர் கூற்றும் தவறு என்பதே எமது துணிபு. முன்னவர் நோயை ஆராயாமலே சாவு என்று முடிவு செய்தார். பின்னவர் நோயை ஆராயாமலே அறுவைக்குத் துணிந்தார்.

ஹார்டு டிஸ்க்கின் உள்ளே ஆடிபோல் ஒளிரும் தட்டுகள் நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. படிக்கும் முனை தட்டைத் தொடாது, சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்து செல்கின்றது. அம்முனைக்கு ஒரு துகள் தூசியும் மலையே. ஆதலின் சாதாரண மேசைமேல் வைத்து மூடியைத் திறப்பவர் உள்ளிருக்கும் எழுத்தைத் தம் கையாலேயே அழிப்பவராவர். எழுத்து உறைவது அத்தட்டில். மின்சாரம் பெரும்பாலும் தாக்குவதோ வெளியே, அடிப்புறத்தில் திருகப்பட்டிருக்கும் சர்க்யூட் போர்டை. வாயிற்கதவு எரிந்ததனால் வீடும் எரிந்தது என்று கொள்ளுதல் பேதைமையன்றோ?

நிற்க. அப்போர்டில், மின்சாரம் நுழையும் வாயிலருகே, டி.வி.எஸ். டையோடு என்னும் சிற்றுறுப்பு உண்டு. 5 வோல்ட் வழிக்கு ஒன்றும் 12 வோல்ட் வழிக்கு ஒன்றுமாக அமைந்த இவை வாயிற்காவலரை ஒப்பன. மின்னழுத்தம் அளவுக்குள் இருக்குமட்டும் இவை வாளா இருக்கும். அளவு மீறியவுடன் மிகுதியான மின்சாரத்தைத் தம்வழியே இழுத்துத் தரைக்கு விடும். மிகுதி நீடிக்குமாயின் தாம் உருகி, வழியையே தரையோடு இணைத்துவிட்டு மாயும். அப்பால் டிஸ்க்கிற்கு மின்சாரம் செல்லாது. ஆதலின் அது செத்ததுபோற் கிடக்கும். உண்மையில் செத்தது காவலனே, காக்கப்பட்டவை பிழைத்திருக்கலாம்.

இதனை அறிய மந்திரம் ஒன்றும் வேண்டா. மல்ட்டிமீட்டர் ஒன்றே போதும். யாம் செய்தது இது. டிஸ்க்கை அதன் உறைப்பெட்டியினின்றும் வெளியே எடுத்தோம். மீண்டும் மீண்டும் மின்சாரம் கொடுத்துச் சோதித்தலை அறவே விலக்கினோம். போர்டைக் கழற்றி, கருகிய இடம் உண்டோ என்று நோக்கினோம், இல்லை. 5 வோல்ட் வழிக்கும் தரைக்கும் இடையே மின்தடையை அளந்தோம், ஐயுறத்தக்கது ஏதுமில்லை. 12 வோல்ட் வழிக்கும் தரைக்கும் இடையே அளந்தபோது முள் பூச்சியத்தையே காட்டியது. அவ்வழியின் டையோடை ஈயம் உருக்கி எடுத்துத் தனியே சோதித்தோம்; இருபுறமும் பூச்சியமே. அதனை நீக்கியபின் போர்டை மறுபடி அளந்தோம், அடைப்பு நீங்கியிருந்தது. முறையான 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் கொடுத்தவுடன் தட்டு சுழலும் மெல்லிய ஓசை எழுந்தது. நண்பர் ஒன்றும் பேசவில்லை, நாற்காலியில் அமர்ந்துவிட்டார்.

டையோடு இன்றியும் டிஸ்க் இயங்கும். ஆனால் அது காவலற்ற கோட்டை. ஆதலின் அன்றிரவே பாட்டுக்கள் அனைத்தையும் வேறிரண்டு டிஸ்க்குகளிற் படியெடுத்தோம். அதன் பின்னரே புதிய டையோடு வைப்பதைப் பற்றி எண்ணினோம்.

எல்லாப் பழுதும் இத்துணை எளிதன்று என்பதையும் கூறவே வேண்டும். மோட்டாரை இயக்கும் சில்லு கருகிவிடின், அதே வகைப் போர்டு ஒன்றைத் தேடி மாற்ற வேண்டும். முற்காலத்து டிஸ்க்குகளில் அது மட்டும் போதியதாக இருந்தது. இக்காலத்திலோ அவ்வத் தட்டிற்கும் முனைக்கும் உரிய தனிக் குறிப்புகள் போர்டின்மேல் உள்ள எட்டுக்கால் ரோம் போன்ற சிறு நினைவகச் சில்லில் எழுதப்பட்டிருக்கின்றன. பல வகைகளில் அச்சில்லையும் பெயர்த்துப் புதிய போர்டில் வைத்தாலன்றி டிஸ்க் படிக்காது. மின்தாக்கு முனையின் அருகுள்ள பெருக்கிச் சில்லையும் கெடுத்திருப்பின், போர்டைத் திருத்துதல் பயன் தராது. தூசியற்ற அறையில் பணிபுரியும் வல்லுநரிடமே செல்ல வேண்டும். தன் கைக்கு எட்டாத எல்லையை அறிந்து நின்றுவிடுதலும் பழுதறிவின் ஒரு பகுதியே.

"சில ஆயிரம் ரூபாய்க்குப் புதிய டிஸ்க் கிடைக்கும்போது இத்துணைத் தொல்லை எதற்கு?" என்பார் உளர். டிஸ்க் கடையிற் கிடைக்கும். மறைந்த மூதாட்டியின் குரல் எக்கடையிற் கிடைக்கும்? ஏட்டின் விலை வேறு, எழுத்தின் விலை வேறு. இவ்வேறுபாட்டை மறந்தோர்க்கே எறிதல் எளிதாகின்றது.

இந்நகர்க்கு இவ்வுண்மை புதிதன்று. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை இவ்வூரிலிருந்து எழுதிய நாட்குறிப்பு நெடுங்காலம் குடும்பத்தார் வீட்டிற் கிடந்தது. 1846-இல் அர்மோன் கலுவா மொம்பிரேன் அதனைக் கண்டு படியெடுத்தார். பின்னரும் படிகள் எழுந்தன. அப்படிகள் பெருகியமையாலன்றோ நாம் இன்று அதனைப் படிக்கின்றோம்? ஏட்டுச்சுவடி சிதையுமுன் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதிய நம் முன்னோரும் இந்நெறியையே கடைப்பிடித்தனர். ஓலைக்குச் செல்லரித்தல் எத்தகையதோ, ஹார்டு டிஸ்க்கிற்கு மின்தாக்கு அத்தகையது.

ஆதலின் எமது வேண்டுகோள் இரண்டு. ஒன்று, கல்லூரிகளின் ஆய்வுக்கூடங்களில் பழுதுற்ற கருவிகளுக்கென ஒரு மேசை வேண்டும். டையோடின் இயல்பைத் தேர்வுத்தாளில் எழுதும் மாணவர், மாய்ந்த டையோடு ஒன்றையேனும் தம் கையால் அளந்து காண வேண்டும். மற்றொன்று, அரிய எழுத்து எதுவும் ஒரே இடத்தில் இருத்தலாகாது. அடுத்த புயல் நம்மைக் கேட்டுக்கொண்டு வாராது.

நண்பரின் பாட்டுக்கள் இப்போது மூன்று இல்லங்களில் உள்ளன. மாய்ந்த அந்தச் சிறு டையோடை அவர் எறியவில்லை. ஒரு தாளில் மடித்து வைத்திருக்கின்றார்.