தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் போட்டி வீணா?

நெகிரி செம்பிலான் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கலை, எழுத்துப் போட்டி வைப்பது வீண், பரிசுக்காக எழுதுபவர் எழுத்தாளராவதில்லை என்ற வாதத்தை மலேசியத் தமிழ் இலக்கிய வரலாறே மறுக்கிறது. 1950இல் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய கதை வகுப்பு, பாடமும் பயிற்சியும் தந்து புதியவர்களை எழுத வைத்தது. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை 1986இல் தொடங்கிய பேரவைக் கதைப் போட்டியில் மாணவர்களுக்கெனத் தனிப் பிரிவே இருந்தது. தேர்வான கதைகள் நூலாகவும் வந்தன.

தோட்டத்துத் தமிழ் கொச்சை, பரிசுக்குத் தகாது என்பது இன்னும் மோசமான வாதம். விடியலில் பெரட்டு என்னும் ஆள்கணக்குக்கு நின்று, மங்கில் பால் சேர்த்து, வெட்டுக்கோட்டில் காய்ந்த ஒட்டுப்பாலை நாடாவாக உரித்தெடுத்த தலைமுறையின் சொற்கள் அவை. லாபு, ரந்தாவ், பகாவ் வட்டாரங்களில் ரப்பர் மரங்கள் பெரும்பாலும் செம்பனைக்கு இடம் விட்டுவிட்டன. ஆகவே, பாட்டியிடம் கேட்டுப் பேரப்பிள்ளை எழுதும் 'மங்கு' என்ற சொல்லை அடித்துக் 'கிண்ணம்' என்று திருத்தும் நடுவர், அந்தக் கதையின் உயிரையே எடுத்துவிடுகிறார்.

உண்மையான குறை போட்டித் தலைப்புகளில் இருக்கிறது. 'ஒற்றுமையே பலம்' என்று கேட்டால் மனப்பாடம்தான் வரும். 'எங்கள் லயத்தின் கடைசி வீடு' என்று கேட்டால் பிள்ளை தானே எழுதும்.