தூக்கத்திற்கு யார் பொறுப்பு?

சென்ற மார்கழியில் நமது சங்க மண்டபத்தில் நடந்த திருப்பாவை சொற்பொழிவில் பாதிப் பேர் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். ரசித்து ஆட்டிய தலைகள் அல்ல, தூக்கத்தில் ஆடியவை. அன்று பத்தாம் பாசுரம். அதிலேயே கும்பகர்ணன் வருகிறான். சொற்பொழிவாளர் நல்ல மனிதர், எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு மேலே போனார். தூங்கியவர்களில் அடியேனும் ஒருவன்.

ஆனால் வெளியே வந்து, -15 டிகிரிக் குளிர் முகத்தில் பட்டதும் பளிச்சென்று விழிப்பு வந்துவிட்டது. ஆகவே குற்றம் பேச்சிலும் இல்லை, வயதிலும் இல்லை, பொங்கலின் நெய்யிலும் முழுக்க இல்லை. மண்டபத்துக் காற்றில் இருக்கிறது என்பதே என் கட்சி.

சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் சுமார் 100 வாட் வெப்பம் தருகிறது. 150 பேர் கூடினால் 15 கிலோவாட். ஒரு வீட்டு ஃபர்னஸ் தருகிற வெப்பத்திற்கு ஏறக்குறைய சமம். கூட்டம் சேரச் சேர மண்டபம் தானாகவே சூடாகிறது. தெர்மோஸ்டாட் 'போதும்' என்று ஃபர்னஸை நிறுத்துகிறது. விசிறியின் சுவிட்ச் 'ஆட்டோ'வில் இருப்பதால் அதுவும் கூடவே நின்றுவிடுகிறது. அதாவது, காற்று மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் காற்றோட்டம் நிற்கிறது! ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுக்கிறோம். தலை கனக்காமல் என்ன செய்யும்?

இதற்கு நாமும் உதவி செய்கிறோம். சூடான காற்று வரும் துவாரங்கள் ஜன்னலோரத் தரையில் உள்ளன. அவற்றின் மேல்தான் ஜமக்காளம் விரிக்கிறோம். காற்றைத் திரும்ப இழுக்கும் பெரிய கம்பி வலைக்கு முன்னால் கோட்டுகளைக் குவிக்கிறோம். வந்த சூடும் மேலே ஏறிவிட, தரையில் அமர்ந்த தாய்மார்களுக்குக் கால் சில்லிடுகிறது. யாராவது எழுந்து போய்த் தெர்மோஸ்டாட்டைக் கூட்டுகிறார்கள். நாற்காலியில் இருப்பவர்களுக்கு வியர்க்கிறது.

அதிகாலையில் தனியே வரும் குருக்கள் ஐயாவின் கஷ்டம் வேறு. -15 டிகிரிக் காற்றை 22 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 10 சதவீதத்திற்கும் கீழே போய்விடும். தொண்டை வறண்டு, கண் எரிந்து, அவர் மந்திரம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு ஹ்யூமிடிஃபையர் வாங்க எத்தனை கூட்டம் போட வேண்டுமோ!

ஜன்னலைத் திறந்தால் காசு வெளியே போகிறது என்பார் பொருளாளர். கூட்டம் வருமுன் 2 டிகிரி குறைத்து வைக்கட்டும். வந்தவர்களே சூடு கொடுப்பார்கள், அதற்குக் கட்டணமில்லை. விசிறி ஓடிக்கொண்டே இருக்கட்டும். ஆனால் விசிறி உள்ளிருக்கும் காற்றைத்தான் சுற்றும். எனவே சமையலறைப் பக்கக் கதவு ஒரு சாண் திறந்திருக்க வேண்டும்.

ஒன்றில் மட்டும் விவாதமே கூடாது. ஃபர்னஸ் பழுதானால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. அதன் முதல் அறிகுறிகளும் இதே தலைவலியும் சோர்வும்தான். உயிரைக் கொண்டுபோகும் வாயு அது. அதற்கான அலாரம் வேலை செய்கிறதா என்று நிர்வாகக் குழு இந்த வாரமே அழுத்திப் பார்க்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை பஜனைக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து ஜமக்காளங்களை நகர்த்தப்போகிறேன். முதுகு வலி இல்லாத இளைஞர்கள் இருவர் வந்தால் உபகாரமாக இருக்கும்.