பேரி மரம் முருங்கை அல்ல

பாரிஸைச் சுற்றியுள்ள புறநகர்களில் வீடு வாங்கிக் குடியேறிய நம் புதுச்சேரிக் குடும்பங்கள் சிலவற்றுக்கு, தோட்டத்தோடு சேர்த்து ஒரு பேரிக்காய் மரமும் கிடைத்திருக்கிறது. முன்பு அந்த வீட்டில் இருந்த பிரெஞ்சுக்காரக் கிழவரோ கிழவியோ வைத்தது. அவர்கள் இருந்தவரை காய்த்த மரம், நம் ஆட்கள் கைக்கு வந்த நாலைந்து வருஷத்தில் காய்ப்பை நிறுத்திவிடுவதை நான் போய்த் தங்கிய வீடுகளில் பார்த்திருக்கிறேன். "மரத்துக்கு வயசாயிடுச்சு" என்பார்கள். நன்றாக வேரோடிய பேரி மரம் மூன்று தலைமுறைக்குக் காய் கொடுக்கும். வயதல்ல, ரம்பம்தான் காரணம் என்பது என் கட்சி.

நம் ஊர்க் கை பழகியது அப்படி. முருங்கை காய்த்து ஓய்ந்ததும் இடுப்பளவுக்கு வெட்டிவிடுகிறோம். நாலைந்து மாதத்தில் புதுக்கிளையில் மறுபடி காய் தொங்குகிறது. மல்லிகையைக் கார்த்திகையில் கவாத்து செய்தால்தான் பங்குனி, சித்திரையில் பூ. இவையெல்லாம் புதுத்துளிரில் பூப்பவை, வெட்ட வெட்ட லாபம். பேரி மரத்தில் இந்த வருஷம் விட்ட கிளை பொதுவாகக் காய்க்காது. இரண்டு மூன்று வருஷமான கிளையில், விரல் நீளம்கூட இல்லாத குட்டைக் குச்சிகளின் நுனியில்தான் பூமொட்டு கட்டும். அந்தக் குச்சியும் சுருக்கம் விழுந்து, பட்டுப்போனதுபோல் பார்க்க அசிங்கமாக இருக்கும். மரத்தைச் 'சுத்தம்' செய்கிறவர் முதலில் நறுக்கி எறிவது அதைத்தான்.

பிரெஞ்சுத் தோட்டக்காரர்கள் இவற்றுக்கெல்லாம் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சு மீடியத்தில் படித்தவனுக்கு அதில் ஒரு ருசி. முள்போல் நீட்டிக்கொண்டு நிற்பது 'தார்', அதாவது ஈட்டி. அது முதிர்ந்து பூமொட்டானால் 'லாம்பூர்த்'. பழம் தொங்கிய இடத்தில் குச்சி உப்பிப் பை மாதிரி தடித்திருக்கும்; அதற்குப் பெயர் 'பூர்ஸ்', பணப்பை. அடுத்த வருஷங்களுக்கான மொட்டுகள் அதிலிருந்துதான் வருகின்றன. ஒரே கோடையில் ஆள் உயரத்துக்கு நெட்டுக்குத்தலாக எழும்பும் கிளைக்கு 'கூர்மான்', பெருந்தீனிக்காரன். மரத்தின் சத்தைத் தின்று வளர்வான், பழம் தரமாட்டான். குளிர்காலத்தில் மரத்தின் தலையை மொட்டையடித்தால் வசந்தத்தில் முளைப்பவை பெரும்பாலும் இந்தப் பெருந்தீனிக்காரர்கள்தான். அவர்களையும் அடுத்த குளிரில் வெட்டுவார்கள். ஒருவன் போன இடத்தில் மூவர் வருவார்கள். பணம் கொடுத்து ஆள் கூப்பிட்டாலும், வேலியை வெட்டுகிற அதே மெஷினால் மரத்தையும் ஒரே மட்டமாக வெட்டிவிட்டுப் போகிற பிரெஞ்சுக்காரர்களும் உண்டு. இதில் நாம் மட்டும் குற்றவாளியில்லை.

வெட்டுவதைக் குறைத்து வளைத்துக் கட்ட வேண்டும். கிளையைப் படுக்கைவாட்டில் இழுத்துக் கட்டினால் நுனியின் வேகம் அடங்கி, பக்க மொட்டுகள் மெல்லக் காய்ப்புக்குத் திரும்பும். சுவரோரம் மரத்தைக் கை விரித்து நிற்க வைக்கும் 'எஸ்பாலியே' முறையின் சூட்சுமமே இதுதான். பதினான்காம் லூயிக்காக லா கேன்தினி என்பவர் 1678 முதல் 1683 வரை வெர்சாயில் அமைத்த காய்கனித் தோட்டம் இன்றும் இருக்கிறது. அரண்மனையைப் பார்க்கப் போகிறவர்கள் அதையும் ஒரு நடை பார்க்கலாம். லா கேன்தினி வக்கீலுக்குப் படித்தவர். ஃபைல் கட்டிக் காலம் தள்ளிய எனக்கு இதில் ஓர் அற்ப சந்தோஷம்.

வீட்டுக்குச் சுவரும் கம்பியும் வேண்டியதில்லை. கோடைக் கடைசியில், இளங்கிளை வளையும் பருவத்தில், மெத்தென்ற கயிறு போட்டுத் தரையில் முளையடித்துக் கட்டினால் போதும். நுனி கீழே தொங்கக்கூடாது, தொங்கினால் வளைவிலிருந்து புதுப் பெருந்தீனிக்காரன் கிளம்புவான். பட்டையில் கயிறு பதியாமல் அவிழ்த்து அவிழ்த்துக் கட்டவேண்டும். இடமில்லாமல் எழும்பியதை ஜூலை, ஆகஸ்டில் எடுத்துவிடலாம். கோடையில் வெட்டினால் குளிர்காலத்தில் வெட்டியதுபோல் வெறிகொண்டு துளிர்க்காது. குளிரில் பட்டதையும் ஒன்றோடொன்று உரசுவதையும் மட்டும் நீக்கினால் சரி.

என் தங்கை மகன் வீட்டு மரத்துக்கு இப்போது கெடு வைத்திருக்கிறார்கள். "மாமா, அடுத்த வருஷமும் காய்க்கலேன்னா அடியோட எடுத்துட்டு பார்பெக்யூ மேடை கட்டிடப் போறேன்" என்கிறான். பேரி மரத்துக்குப் பக்கத்தில் வேறு ரகம் ஒன்று பூக்கவேண்டும். அடுத்த வீட்டில் ஒரு 'வில்லியம்ஸ்' நிற்கிறது, அந்தக் குறையுமில்லை. ஆண்டுதோறும் மொட்டையடித்ததுதான் கோளாறு. "மூணு வருஷம் ரம்பத்தைத் தொடாதே மாப்பிள்ளை, ஒரு மொட்டு முதிர அவ்வளவு நாள் ஆகும்" என்றேன். பேரம் பேசி இரண்டுக்கு வந்திருக்கிறான். போன ஆகஸ்டில் ஏழு கிளைகளை இழுத்துக் கட்டினோம். எட்டாவது வளைய மறுத்தது, அதை மட்டும் வெட்டச் சம்மதித்தேன்.