வாபஸ் மனுவும் அரசு வக்கீலின் மௌனமும்: எல்லையோர ஊர்களின் நிலைப்பாடு

ஆளுங்கட்சி விரும்புகிறது என்பதற்காக எந்தக் குற்ற வழக்கும் வாபஸ் ஆகக் கூடாது. செஷன்ஸ் கோர்ட்டில் வழக்கு நடத்தும் அரசு வக்கீலின் வேலை ஆட்சி மாறும்போதெல்லாம் கைமாறவும் கூடாது. பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோரத் தமிழர்களாகிய எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இது. கேரளத்தின் இரண்டு முன்னணிகளுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறோம்.

2015 மார்ச் 13 அன்று திருவனந்தபுரம் சட்டமன்றத்தில் நடந்ததை டிவியில் பார்க்காதவர்கள் எங்கள் ஊர்களில் குறைவு. நிதியமைச்சர் கே.எம். மாணி பட்ஜெட் வாசிப்பதைத் தடுக்க, எதிர்க்கட்சியாக இருந்த இடது முன்னணி உறுப்பினர்கள் சபாநாயகர் மேடையில் ஏறினார்கள். நாற்காலி கீழே தள்ளப்பட்டது, மைக்கும் கணினியும் உடைந்தன. 2 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்கு மேல் சேதம் என்று ஆறு பேர் மீது வழக்குப் போடப்பட்டது. 2016-இல் ஆட்சி மாறியது. 2018-இல் அதே வழக்கை வாபஸ் வாங்க அரசு வக்கீலே மனுப் போட்டார். மாஜிஸ்திரேட் கோர்ட் 2020 செப்டம்பரிலும் ஹைகோர்ட் 2021 மார்ச்சிலும் மறுத்தன. அப்போதும் விடாமல் மக்கள் பணத்தில் சுப்ரீம் கோர்ட் வரை போனது மாநில அரசு. சட்டமன்றச் சிறப்புரிமை பொதுச் சட்டத்திலிருந்து தப்பிக்கும் வழி ஆகாது என்று 2021 ஜூலை 28 அன்று நீதிபதிகள் சந்திரசூட், ஷா அமர்வு தீர்ப்புச் சொன்னது. அன்றைக்கு, குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவரான வி. சிவன்குட்டி கல்வியமைச்சராக இருந்தார்.

அந்த ஆறு பேர் குற்றம் செய்தார்களா என்பது விசாரணையில் முடிவாக வேண்டியது. அதில் நாங்கள் வாய் திறக்கவில்லை. எங்களை உறுத்துவது அந்த மனு. வாபஸ் வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் பொறுப்பைப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 321-ஆம் பிரிவு அரசு வக்கீலிடம்தான் கொடுத்திருந்தது. அரசு கேட்கலாம். கோப்பைப் படித்து, சொந்த புத்தியில் யோசித்து, முடியாது என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. ஆனால் தன்னை நியமித்த அரசிடம் எத்தனை பேர் அப்படிச் சொல்வார்கள்?

களியக்காவிளைக்கு அந்தப் பக்கமும் கதை வேறல்ல. ஜெயலலிதா மீதான சொத்துக்குவிப்பு வழக்கில், 2001-இல் அவர் மீண்டும் ஆட்சிக்கு வந்த பிறகு 76 அரசுத் தரப்புச் சாட்சிகள் குறுக்கு விசாரணைக்குத் திரும்ப அழைக்கப்பட்டார்கள். 64 பேர் பல்டியடித்தார்கள். அரசு வக்கீல் எதிர்ப்புக் காட்டவே இல்லை. தி.மு.க.வின் க. அன்பழகன் மனுவின் பேரில் 2003 நவம்பர் 18 அன்று சுப்ரீம் கோர்ட் வழக்கை பெங்களூருக்கு மாற்றியது. பிறகு மேல்முறையீட்டில் பவானி சிங்கை அரசு வக்கீலாகத் தமிழக அரசு நியமித்தது செல்லாது என்று 2015-இல் அதே கோர்ட் சொல்ல வேண்டியிருந்தது. வழக்கை வாபஸ் வாங்க மனு வேண்டும். கெடுக்க எந்த மனுவும் வேண்டாம். அரசு வக்கீல் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் இருந்தாலே போதும். வாபஸ் மனுவைவிட இந்த மௌனத்துக்குத்தான் நாங்கள் அதிகம் அஞ்சுகிறோம்.

கேரளத்தில் மாஜிஸ்திரேட் கோர்ட்டின் உதவி அரசு வக்கீல் பி.எஸ்.சி. தேர்வு எழுதி வருகிறார். கொலை வழக்கு நடக்கும் செஷன்ஸ் கோர்ட்டிலோ, அரசு தேர்ந்தெடுத்த வக்கீல் குறிப்பிட்ட காலத்துக்கு அமர்கிறார். சின்ன வழக்குக்குத் தேர்வு, பெரிய வழக்குக்கு செல்வாக்கு என்றால் அது தலைகீழ் ஏற்பாடு. இது எங்களை எப்படித் தொடுகிறது என்பதற்கு ஒரு வழக்கு: 2022-இல் பாறசாலை மாணவர் ஒருவருக்கு நஞ்சு கொடுக்கப்பட்டது தமிழ்நாட்டு எல்லைக்குள். உயிர் போனது திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜில். தண்டனைத் தீர்ப்பு வந்தது 2025 ஜனவரியில் நெய்யாற்றின்கரை கோர்ட்டில். அந்த வழக்கில் அரசியல் தலையீடு இருந்ததாக நாங்கள் சொல்லவில்லை. எந்த மாநிலத்து கோர்ட்டுக்கு அதிகாரம் என்பதிலேயே எதிர்த்தரப்பு சண்டை போடும் எல்லையோரத்தில், கட்சி பலம் இல்லாத குடும்பத்துக்கு அரசு வக்கீலை விட்டால் வேறு துணை கிடையாது.

சில நல்ல மாற்றங்கள் வந்திருக்கின்றன. எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் மீதான வழக்கை ஹைகோர்ட் அனுமதி இல்லாமல் வாபஸ் வாங்க முடியாது என்று 2021 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 360-ஆம் பிரிவுப்படி பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் வாபஸுக்கு கோர்ட் அனுமதி தர முடியாது. ஆனால் அதே சட்டம், வழக்கு நடத்தும் துறையின் இயக்குநரை நியமிக்க ஹைகோர்ட் தலைமை நீதிபதியின் இசைவு வேண்டும் என்ற பழைய விதியைக் கைவிட்டுவிட்டது. இதை நாங்கள் வெளிப்படையாகவே எதிர்க்கிறோம்.

செஷன்ஸ் கோர்ட் அரசு வக்கீல்களும் தேர்வு, பதவி உயர்வு வழியாகவே வர வேண்டும். விசாரணை நடுவே சிறப்பு அரசு வக்கீலை மாற்றுவதென்றால் கோர்ட்டிடம் காரணம் சொல்லி அனுமதி பெற வேண்டும். ஹைகோர்ட் அனுமதி என்ற காவல் பஞ்சாயத்து உறுப்பினர், கட்சி நிர்வாகிகள் மீதான வழக்குகளுக்கும் நீள வேண்டும். எங்கள் ஊர்களில் சாட்சிகளை அச்சுறுத்துவது பெரும்பாலும் அந்தச் சின்ன அதிகாரம்தான். அரசு வக்கீலுக்கு அரசு தரும் எந்த அறிவுறுத்தலும் எழுத்தில் இருக்க வேண்டும், கெசட்டில் வெளிவர வேண்டும். கனடாவில் குறிப்பிட்ட வழக்கைப் பற்றி அட்டர்னி ஜெனரல் உத்தரவிட்டால் அப்படித்தான் வெளியிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அங்கும் 2018-இல் ஒரு பெரிய நிறுவனத்தின் வழக்கில் பிரதமர் அலுவலகம் நெருக்கடி கொடுத்தது. ஆனால் அது வெளியே வந்தது, நாடே விவாதித்தது.

இந்த அறிக்கையைத் தமிழிலும் மலையாளத்திலும் பாறசாலை, நெய்யாற்றின்கரை எம்.எல்.ஏ.க்களுக்கும், சட்டத்துறை அமைச்சருக்கும், எதிர்க்கட்சித் தலைவருக்கும் அனுப்புகிறோம். ஒவ்வொரு கோரிக்கைக்கும் எழுத்தில் பதில் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். வரும் பதில்களை, வந்தபடியே, இரண்டு மொழிகளிலும் ஊர் வாசகசாலைகளில் ஒட்டுவோம்.