வதந்திக்கு விலை கொடுப்பவர் யார்?

எமது கிராமங்களில் பிள்ளையொன்று படிப்பை இடையில் நிறுத்திவிட்டால் அதற்கு நாம் வழமையாகச் சொல்லும் காரணங்கள் சில உண்டு. வறுமை, போக்குவரத்து வசதியின்மை, தாய் வெளிநாடு சென்றமை, தகப்பனின் குடி என்று அவற்றை வரிசைப்படுத்துவோம். கூட்டங்களில் பேசுவோம், அறிக்கைகளில் எழுதுவோம். ஆனால் இந்த அறிக்கைகளில் இடம்பெறாத இன்னொரு காரணமும் உண்டு. அதுதான் ஊர்க்கதை. "அவளைப் பற்றி ஒரு கதை உலாவுது" என்ற அந்த ஒரு வசனம் போதும். பத்து வருடங்கள் படித்த பிள்ளை பதினோராவது வருடத்தில் வீட்டு மூலையில் முடங்கிவிடுகிறது.

கதை கட்டுவது நேற்று முளைத்த பழக்கமல்ல. பாடசாலை மலசலகூடச் சுவரில் கரித்துண்டால் பெயர் எழுதியவர்கள் இருந்தார்கள். அதிபருக்கு மொட்டைக் கடிதம் போட்டவர்கள் இருந்தார்கள். கிணற்றடியிலும் சந்திக் கடையிலும் பிறர் பிள்ளையின் நடத்தையை அளந்தவர்களும் இருந்தார்கள். ஆனால் சுவரில் எழுதியதைச் சுண்ணாம்பு பூசி மறைக்கலாம், கடிதத்தைக் கிழித்தெறியலாம். இன்று அந்த வசதி இல்லை. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் கைத்தொலைபேசி வழியாகவே நடந்தன. கடன்பட்டாவது பிள்ளைக்கு ஒரு தொலைபேசி வாங்கிக் கொடுத்த குடும்பங்கள் பல. பாடசாலைகள் திறந்த பின்னரும் தொலைபேசி பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று பிள்ளைகள் தாமாகவே கற்றுக்கொண்டார்கள். எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்று எவரும் கற்றுக்கொடுக்கவில்லை. இன்று வகுப்பறையில் எடுத்த ஒரு படம், அல்லது இருவருக்கிடையில் எழுதிய ஒரு செய்தி, பாடசாலை விடும் மணி அடிப்பதற்கு முன்னரே அடுத்த கிராமத்தைச் சென்றடைகிறது.

இதனைப் "பிள்ளைகளின் விளையாட்டு" என்று பெரியவர்கள் பலர் தட்டிக்கழிக்கிறார்கள். சட்டம் அவ்வாறு பார்ப்பதில்லை என்பதை எமது பெற்றோரும் ஆசிரியரும் மாணவரும் அறிந்திருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் ஒரு தெளிவு தேவை. ஒருவரைப் பற்றி அவதூறு பேசுவது முன்னர் எமது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றமாக இருந்தது. 2002 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தினால் அந்தப் பிரிவுகள் நீக்கப்பட்டன. எனவே வெறும் அவதூறுக்காக ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. ஆனால் அவதூறு பேச அனுமதி கிடைத்துவிட்டது என்று இதற்குப் பொருளல்ல. குடியியல் நீதிமன்றத்தில் மானநட்ட வழக்குத் தொடர்ந்து நட்டஈடு கோரும் உரிமை முன்போலவே இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் வயது வராத பிள்ளையென்றால் அதன் சார்பில் பெற்றோர் வழக்காடலாம்.

இந்த வழக்குகளில் எமது மக்கள் அறியாத இரண்டு விடயங்கள் உள்ளன. கதையைக் கட்டியவர் மட்டுமே பொறுப்பாளி என்று நாம் நினைக்கிறோம். அப்படியல்ல, கேட்டதை இன்னொருவருக்குச் சொன்னவரும் பொறுப்பாளியே. சம்பந்தப்பட்டவரைத் தவிர வேறு ஒரேயொருவர் காதில் விழுந்தாலும் அது பிரசுரம்தான். "எனக்கு வந்ததை அப்படியே அனுப்பினேன்" என்பது பதிலாகாது. அடுத்தது, "உண்மையைத்தானே சொன்னேன்" என்ற வாதம். எமது நாட்டில் நடைமுறையிலுள்ள ரோமன் டச்சுச் சட்டத்தின்படி, சொன்னது உண்மையாக இருந்தால் மட்டும் போதாது. அதனைச் சொன்னதால் பொதுமக்களுக்கு நன்மை இருந்திருக்கவும் வேண்டும். ஒரு மாணவி எவருடன் பேசினாள், எவருக்குக் கடிதம் எழுதினாள் என்று ஊருக்குப் பறைசாற்றுவதில் எந்தப் பொதுநன்மையும் இல்லை.

இனிப் பொலிசார் நேரடியாகத் தலையிடக்கூடிய விடயங்களைப் பார்ப்போம். ஒருவரின் தொலைபேசியையோ கணக்கையோ அவரது அனுமதியின்றித் திறந்து பார்ப்பது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்கீழ்க் குற்றமாகலாம். இதற்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். "படத்தை வெளியே விடுவேன்" என்று பயமுறுத்துவதும், அப்படிப் பயமுறுத்திப் பணம் பறிப்பதும் தண்டனைச் சட்டக்கோவையில் நெடுங்காலமாக உள்ள குற்றங்கள். வார்த்தையாலோ செயலாலோ பாலியல் தொந்தரவு செய்வதற்கு அதே கோவையின் 345 ஆம் பிரிவு ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையை விதித்திருக்கிறது. 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இணையத்தில் பொய்க் கூற்றுக்களைப் பரப்புவதையும், பிறரது தனிப்பட்ட விபரங்களை வெளியிட்டு அவர்களைத் துன்புறுத்துவதையும் குற்றமாக்கியது. அதன் வாசகங்கள் பேச்சுரிமையை நசுக்கக்கூடியவை என்று ஊடகவியலாளரும் மனித உரிமை அமைப்புக்களும் கடுமையாகக் கண்டித்தனர். அந்தக் கண்டனத்தில் நியாயம் உண்டு என்றே நாமும் கருதுகிறோம். ஆயினும் ஒரு பிள்ளையின் மானத்தைக் காப்பதற்கு அந்த ஒரு சட்டத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை என்பதை மேலே சொன்னவை காட்டுகின்றன.

எல்லாவற்றிலும் பாரதூரமானது 286அ பிரிவாகும். பதினெட்டு வயதுக்குட்பட்ட ஒருவரின் ஆபாசமான படத்தை வைத்திருப்பதும் பகிர்வதும் இப்பிரிவின்கீழ்க் குற்றம். தண்டனை இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாத, பத்து ஆண்டுகளுக்கு மேற்படாத சிறை. இங்கே ஒரு விடயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். "பாருங்கள், எப்படி அநியாயம் நடந்திருக்கிறது" என்று அனுதாபத்தோடு அந்தப் படத்தை வேறு பெற்றோருக்கு அனுப்புகிறவரும் அதனைப் பகிர்ந்தவரே. அனுதாபம் மனதில் இருந்தால் போதும். அதைக் காட்டுவதற்குப் படம் தேவையில்லை.

"சின்னப் பிள்ளைதானே"

செய்தவரும் பிள்ளை என்றால் என்ன நடக்கும்? 2018 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின்படி பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் செயல் குற்றமாகாது. அதற்கு முன்னர் இந்த எல்லை எட்டு வயதாக இருந்தது. பன்னிரண்டுக்கும் பதினான்குக்கும் இடைப்பட்ட பிள்ளைக்குத் தான் செய்வதன் விளைவை விளங்கிக்கொள்ளும் முதிர்ச்சி இருந்ததா என்பதை நீதவான் ஆராய்ந்து தீர்மானிப்பார். பதினான்கு வயதைத் தாண்டிவிட்டால் அந்தப் பாதுகாப்பும் இல்லை. அதாவது, சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கின்ற மாணவன் தன் கைவிரலின் செயலுக்குத் தானே பதில் சொல்ல வேண்டியவனாகிறான். அவனது விடயம் சிறுவர் நீதிமன்ற முறைப்படி, நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கையுடன் விசாரிக்கப்படும் என்பது உண்மைதான். என்றாலும் பரீட்சை எழுத வேண்டிய வயதில் நீதிமன்ற வாசலில் தவணைக்குக் காத்திருப்பது எந்தக் குடும்பத்துக்கும் சிறிய காரியமல்ல.

இதை நாம் சொல்வது பிள்ளைகளைச் சிறைக்கு அனுப்ப வேண்டும் என்பதற்காக அல்ல. சட்டம் எப்போதும் நடந்து முடிந்த பின்னரே வருகிறது. நட்டஈடு கிடைக்கலாம், போன வருடமும் போன பரீட்சையும் திரும்பி வருமா? சட்டத்தை அறிவதன் பயன், அது தேவைப்படாதபடி நடந்துகொள்வதுதான்.

தண்டனை யாருக்கு?

இப்பொழுது எமது பிரதான கருத்துக்கு வருகிறோம். சட்டம் கதை பரப்பியவரைத் தேடுகிறது. எமது பாடசாலைகளும் ஊரும் தேடுவதோ கதைக்கு ஆளானவரை! ஒரு மாணவியைப் பற்றி வதந்தி எழுந்தவுடன் அவளைத்தான் அதிபரின் அறைக்கு அழைக்கிறார்கள். ஆசிரியர் பலர் சூழ்ந்திருக்க அவளது புத்தகப் பையைக் கொட்டிப் பார்க்கிறார்கள். காலைக் கூட்டத்தில் பெயர் சொல்லாமல், ஆனால் எல்லோருக்கும் விளங்கும்படி, புத்திமதி சொல்கிறார்கள். பின்னர் "பாடசாலையின் பெயரைக் காப்பாற்ற வேண்டும்" என்று சொல்லி விடுகைப் பத்திரத்தை அவள் கையில் கொடுக்கிறார்கள். படத்தை எடுத்தவனும் அனுப்பியவனும் அதே வகுப்பில் அடுத்த பாடத்துக்கு உட்காருகிறார்கள்.

இது விசாரணை அல்ல. வதந்தியின் அடுத்த கட்டம். 1989 இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்டு, 1991 இல் இலங்கையும் உறுதிசெய்த சிறுவர் உரிமைகள் பற்றிய சமவாயத்தின் 16 ஆம் உறுப்புரை, பிள்ளையின் அந்தரங்கத்திலும் கடிதப் போக்குவரத்திலும் எவரும் முறைகேடாகத் தலையிடலாகாது என்றும், அதன் மானத்துக்கும் நற்பெயருக்கும் பங்கம் விளைவிக்கலாகாது என்றும் கூறுகிறது. இந்த உறுப்புரை சக மாணவருக்கு எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு ஆசிரியருக்கும் அதிபருக்கும் பொருந்தும். மேலும் எமது நாட்டில் பதினாறு வயது வரை பாடசாலைக் கல்வி கட்டாயமானது. பதினைந்து வயதுப் பிள்ளையை ஊர்வாய்க்குப் பயந்து வீட்டுக்கு அனுப்ப எந்தப் பாடசாலைக்கும் உரிமை இல்லை.

பெற்றோரிடமும் இதே தவறு உண்டு. "நெருப்பில்லாமல் புகையுமா?" என்று கேட்டுத் தம் பிள்ளையையே அடிக்கிறார்கள். படிப்பை நிறுத்துகிறார்கள், அவசரமாகக் கலியாணம் பேசுகிறார்கள். வீட்டில் அடி விழும் என்று தெரிந்த பிள்ளை, பயமுறுத்துகிறவனுக்குப் பணிந்து போகுமேயன்றிப் பெற்றோரிடம் வாய் திறக்காது. பயமுறுத்துகிறவனின் பலமே அந்த மௌனந்தான்.

இன்னொன்றையும் மறந்துவிடலாகாது. வதந்தி வேறு, முறைப்பாடு வேறு. தனக்கு ஒருவர் தீங்கு செய்தார் என்று பிள்ளை ஒன்று ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ பொலிசாரிடமோ நல்லெண்ணத்துடன் சொல்வது அவதூறாகாது. அதற்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. "வெளியே சொன்னால் மானநட்ட வழக்குப் போடுவோம்" என்று மிரட்டிப் பிள்ளையின் வாயை அடைக்க முயல்வோர் இருப்பர். சொல்ல வேண்டியவரிடம் சொல்வது பிள்ளையின் உரிமை.

நாம் செய்யக்கூடியவை

பாடசாலை அபிவிருத்திச் சங்கம் கட்டடத்துக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் மட்டும் கூட வேண்டிய சங்கமல்ல. இத்தகைய விடயம் எழுந்தால் யார் விசாரிப்பது, யாருக்கு மட்டும் அறிவிப்பது, பாதிக்கப்பட்ட பிள்ளை எவ்வாறு தொடர்ந்து வகுப்புக்கு வருவது என்பவற்றை முன்கூட்டியே தீர்மானித்து வைக்கலாம். விசாரணை தனியறையில், பிள்ளை நம்பும் ஒரு பெரியவரின் முன்னிலையில் நடைபெற வேண்டும். வகுப்பு மாறவோ பாடசாலை மாறவோ வேண்டி வந்தால் பாதிக்கப்பட்டவர் மாற வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும்.

பெற்றோர் செய்ய வேண்டியது முதலில் பிள்ளையைப் பக்கத்தில் இருத்திக் கேட்பது. வந்த செய்திகளை ஆத்திரத்தில் அழித்துவிடக் கூடாது. அனுப்பியவரின் இலக்கம், திகதி, நேரம் ஆகியவை சான்றுகள். ஆபாசப் படமென்றால் அதைப் பிரதி எடுக்காமலும் எவருக்கும் அனுப்பாமலும் தொலைபேசியை அப்படியே பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பிரிவுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துடன் தொடர்புகொள்ளலாம். பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரின் உதவியையும் நாடலாம். சட்டத்தரணிக்குப் பணம் கொடுக்க இயலாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம். அது அதற்காகவே 1978 ஆம் ஆண்டின் சட்டமொன்றினால் அமைக்கப்பட்டது.

மாதர் சங்கங்களும் சனசமூக நிலையங்களும் மாதமொரு கூட்டத்தில் அரைமணி நேரத்தை இதற்கு ஒதுக்கினால் போதும். சட்டத்தரணி ஒருவரையோ நன்னடத்தை உத்தியோகத்தரையோ அழைத்துப் பேசச் செய்யலாம். அந்தக் கூட்டத்தில் பிள்ளைகளும் இருக்கட்டும். அவர்களுக்குத்தான் கேட்பதற்குக் கேள்விகள் அதிகம்.

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்பார்கள். ஊர்வாய் என்று தனியாக ஒரு வாய் கிடையாது. உங்களுடைய வாயும் எங்களுடைய வாயும் சேர்ந்ததுதான் ஊர்வாய். அடுத்தமுறை ஒரு பிள்ளையைப் பற்றிய கதையோ படமோ எம்மிடம் வந்து சேரும்போது அது எம்மோடு நிற்கட்டும். ஒவ்வொருவரும் இவ்வளவைச் செய்தால், ஒரு பிள்ளை நாளை காலை சீருடை அணிந்து தலைநிமிர்ந்து பாடசாலைக்குப் போகும்.