வசதிக் குறையா, உயிர்க் குறையா?

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை என் தங்கை வந்தாள். வந்தவள் காப்பிகூட வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கூடத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"என்னடி, என்ன ஆயிற்று?" என்றேன்.

"கத்திப்பாரா மேம்பாலத்தின் மேலே கார் அணைந்துவிட்டது, அக்கா! பின் ஸீட்டில் குழந்தைகள் இரண்டு பேரும். எனக்குப் பின்னால் ஒரு தண்ணீர் லாரி. அந்த டிரைவர் எந்தத் தாய் பெற்ற பிள்ளையோ, சமயத்தில் பிரேக்கை மிதித்தான்" என்றாள்.

இது முதல் தடவை அல்லவாம்; மூன்றாவது தடவை. கார் வாங்கி இரண்டு வருஷம் பத்து மாதம் ஆகிறது. கம்பெனி கொடுத்த வாரண்டி மூன்று வருஷம். ஏற்கெனவே இரண்டு முறை ஸர்வீஸ் நிலையத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறாள். "பெட்ரோல் சரியில்லை, மேடம்" என்றார்கள் முதல் தடவை. "கம்ப்யூட்டரில் ஒன்றும் காட்டவில்லை, மேடம்" என்றார்கள் இரண்டாம் தடவை. காரைப் பளபளவென்று கழுவிக் கொடுத்தது மட்டும் உண்மை!

அவர்கள் கொடுத்த ஜாப் கார்டை வாங்கிப் பார்த்தேன். அதில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? 'வண்டி சற்று அலுங்குவதாக வாடிக்கையாளர் கருதுகிறார். பொதுவாகப் பார்வையிடப்பட்டது.' அவ்வளவுதான். ஓடுகிற கார் நடுரோட்டில் அணைந்துபோனது என்கிற சமாசாரமே அதில் இல்லை.

அந்தக் காகிதத்தைப் படித்ததும் அமெரிக்காவில் நடந்த ஒரு விவகாரம் எனக்கு ஞாபகம் வந்தது. சகோதரிகளே, கார் ஓட்டுகிறவர்களும் காரில் பிள்ளைகளை அனுப்புகிறவர்களும் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை அது.

ஜெனரல் மோட்டார்ஸ் சாமானியக் கம்பெனியா? உலகத்திலேயே பெரிய மோட்டார்க் கம்பெனிகளில் ஒன்று. அவர்கள் 2004-ல் 'செவர்லே கோபால்ட்' என்ற சிறிய காரை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அதில் சாவி போட்டுத் திருப்புகிற ஸ்விட்ச் இருக்கிறதே, அது இருக்கவேண்டிய அளவுக்கு இறுக்கமாக இல்லை. முழங்கால் தவறிப் பட்டாலோ, சாவிக்கொத்து கனமாகத் தொங்கி ஆடினாலோ, சாவி தானாகப் பின்னுக்குத் திரும்பிவிடும். உடனே எஞ்சின் அணையும். ஸ்டீயரிங் கல்லாய்க் கனக்கும். பிரேக்குக்குக் கிடைக்கிற உதவிச் சக்தியும் போய்விடும். எல்லாவற்றையும்விட மோசம், மோதல் நேர்ந்தால் விரியவேண்டிய காற்றுப்பை விரியாது. திருடன் வருகிற வேளை பார்த்துக் காவல்காரன் தூங்கப் போன கதைதான்!

2005-ம் வருஷம் ஜூன் மாதம் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையில் மோட்டார் விஷயங்கள் எழுதுகிற ஒருவர், தம் மனைவி அந்தக் காரை ஓட்டும்போது முழங்கால் பட்டு வண்டி அணைந்துவிட்டது என்று எழுதினார். அப்படி அணைந்தாலும் காரைக் கட்டுப்படுத்த முடியும் என்று கம்பெனி சமாதானம் சொல்லிற்று. அந்த வருஷக் கடைசியில் டீலர்களுக்கு ஒரு சுற்றறிக்கை போயிற்று. ஓட்டுகிறவர் குள்ளமாக இருந்து, சாவிக்கொத்தும் பெரிதாகவோ கனமாகவோ இருந்தால் இப்படி நேரக்கூடும். ஆகவே கொத்தில் உள்ள வேண்டாத சாமான்களைக் கழற்றிவிடச் சொல்லுங்கள் என்பது அதன் சாரம்.

எப்படியிருக்கிறது நியாயம்? குள்ளமாகப் பிறந்தது குற்றம்! வீட்டுச் சாவியும் பீரோ சாவியும் ஒன்றாய்க் கோத்து வைத்தது குற்றம்! ஸ்விட்ச்சின் பேரில் மட்டும் குற்றமில்லை.

இது ஏன் இப்படி நடந்தது என்பதை அந்தக் கம்பெனியே ஏற்பாடு செய்த விசாரணை 2014-ல் வெளிப்படுத்தியது. ஓடுகிற கார் அணைந்துபோவதை அங்கே இருந்த எஞ்சினீயர்கள் 'பாதுகாப்பு' என்ற தலைப்பில் சேர்க்கவில்லை. 'வாடிக்கையாளர் வசதி' என்ற தலைப்பில் சேர்த்திருந்தார்கள். பாதுகாப்பு என்றால் உடனே செய்தாகவேண்டும். வசதி என்றால் செலவுக்குக் கட்டுமா, நாளாகுமா என்று யோசித்துக்கொண்டிருக்கலாம். யோசித்தார்கள், கட்டாது என்று விட்டுவிட்டார்கள். ஒரே ஒரு வார்த்தை செய்த வேலை அது!

பிறகு 2006-ல் அந்த ஸ்விட்ச்சை ஓசைப்படாமல் மாற்றினார்கள். ஆனால் புதுச் சாமானுக்குப் பழைய நம்பரையே வைத்துவிட்டார்கள். அதனால் எந்தக் காரில் பழசு, எந்தக் காரில் புதுசு என்று வெளியே யாருக்கும் தெரியாமல் போயிற்று.

2010-ல் ஜார்ஜியா மாநிலத்தில் ஓர் இளம்பெண் அந்தக் காரை ஓட்டிப் போய் விபத்தில் இறந்தாள். அதற்குச் சில நாள் முன்புதான், ஓடும்போது கார் அணைகிறது என்று டீலரிடம் விட்டு, சரியாகிவிட்டது என்று நம்பித் திரும்ப வாங்கி வந்திருக்கிறாள். பெற்றவர்களுக்கு மனம் ஆறவில்லை, வழக்குப் போட்டார்கள். அவர்கள் பக்கத்து எஞ்சினீயர் பழைய ஸ்விட்ச்சையும் புது ஸ்விட்ச்சையும் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நம்பர் ஒன்று, சாமான் வேறு! பூனைக்குட்டி வெளியே வந்துவிட்டது.

2014 பிப்ரவரியில் கம்பெனி கார்களைத் திரும்ப அழைக்க ஆரம்பித்தது. அந்த ஸ்விட்ச்சுக்காக மொத்தம் சுமார் 26 லட்சம் கார்கள். ஏப்ரல் மாதம் கம்பெனியின் தலைவி மேரி பர்ரா அமெரிக்க காங்கிரஸ் முன் வந்து மன்னிப்புக் கேட்டார். பின்னால் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் படங்களைக் கையில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நஷ்ட ஈடு நிதியில் 124 மரணங்களுக்கு ஈடு கொடுக்கப்பட்டது. 2015-ல் குற்ற விசாரணையை முடித்துக்கொள்ளக் கம்பெனி 90 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. பணம் போயிற்று, சரி. போன உயிர்?

இதை ஏன் இவ்வளவு விஸ்தாரமாகச் சொன்னேன் என்றால், ஸர்வீஸ் நிலையத்தில் உங்கள் புகாரை எந்த வார்த்தையில் எழுதுகிறார்கள் என்பதில்தான் பாதிச் சங்கதி இருக்கிறது. 'அலுங்குகிறது' என்று எழுதினால் அது வசதிக் குறை. 'ஓடும்போது எஞ்சின் அணைந்தது' என்று எழுதினால் அது உயிர்க் குறை.

என் தங்கையிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலாவது, வண்டியை எடுக்காதீர்கள். வாடகைக் காரிலோ பஸ்ஸிலோ போங்கள். ஓடும்போதே அணைந்துவிட்டால் பதறாமல் ஸ்டீயரிங்கைக் கெட்டியாகப் பிடித்து, பிரேக்கை விட்டு விட்டு அமுக்காமல் ஒரே சீராக அழுத்தி மிதித்து, எச்சரிக்கை விளக்கைப் போட்டுக்கொண்டு ஓரம் கட்டுங்கள்.

இரண்டாவது, பால் கணக்கு எழுதுகிற மாதிரி ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, நேரம், இடம், என்ன வேகம், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, எந்த விளக்கு எரிந்தது, கூட யார் இருந்தார்கள் என்று எழுதுங்கள். விளக்கு எரிகிறபோது பக்கத்தில் இருப்பவர் செல்போனில் ஒரு படம் எடுத்தால் இன்னும் நல்லது.

மூன்றாவது, ஜாப் கார்டில் உங்கள் வார்த்தைகளையே எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். பிரதி வாங்காமல் நகராதீர்கள். குறை ஒன்றும் தெரியவில்லை என்றால் அதையும் எழுத்தில் கேளுங்கள். வாரண்டிக் கெடுவுக்குள் புகார் கொடுத்தீர்கள் என்பதற்கு அந்தத் தேதிதான் சாட்சி.

நான்காவது, டீலரோடு நிற்காமல் காரைத் தயாரித்த கம்பெனிக்கே எழுதுங்கள். கோபம் வேண்டாம், மூன்று சம்பவங்கள், மூன்று தேதிகள், ஒரு கோரிக்கை, பதில் சொல்ல ஒரு கெடு, அது போதும். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், ஈமெயிலும் அனுப்புங்கள். ஆர்.ஸி. புத்தகத்தில் இருக்கும் சேஸிஸ் நம்பரைக் குறிப்பிட்டு, இந்த வண்டி திரும்ப அழைத்த வரிசையில் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

இதற்கும் மசியவில்லை என்றால் சட்டம் இருக்கிறது. 1915 என்ற நம்பரில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிடலாம். 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனியின் தலைமை ஆபீஸ் எந்த ஊரில் இருந்தாலும் சரி. காரின் விலை 50 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். விலை 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை என்றால் கட்டணம் 200 ரூபாய்தான். வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதில்லை. குறை தெரிய வந்த இரண்டு வருஷத்துக்குள் போடவேண்டும். சாமானைச் சோதனைச் சாலைக்கு அனுப்பிப் பார்க்கவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

அதே 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தையும் திருத்தினார்கள். உயிருக்கு ஆபத்தான குறை இருப்பதாகப் போதிய பேர் தெரிவித்தால், கார்களைத் திரும்ப அழைக்கும்படி மத்திய சர்க்காரே கம்பெனிக்கு உத்தரவு போடலாம். 2021 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அதற்கான விதிகள் அமலில் இருக்கின்றன. நாம் ஒருவர் எழுதி என்ன ஆகப்போகிறது என்று நினைக்காதீர்கள். 'போதிய பேர்' என்பது அப்படி ஒவ்வொருவராய் எழுதினால்தானே சேரும்?

சரி, தங்கை கதை என்ன ஆயிற்று என்கிறீர்களா?

மறுநாளே ஸர்வீஸ் நிலையத்துக்குப் போனாள். நானும் கூடப் போனேன். கவுண்டரில் இருந்த பையன் பழையபடி 'அலுங்குகிறது' என்றே எழுத ஆரம்பித்தான். "தம்பி, கொஞ்சம் பொறு. உன் அக்கா இந்த வண்டியை ஓட்டினால் இப்படித்தான் எழுதுவாயா?" என்று கேட்டாள் அவள். பையன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். பிறகு எழுதியதை அடித்துவிட்டு, அவள் சொல்லச் சொல்ல எழுதினான்.

கம்பெனிக்குக் கடிதம் போன பதினோராம் நாள் தலைமை ஆபீஸிலிருந்து ஓர் எஞ்சினீயர் வந்தார். மூன்று நாள் அவரே வண்டியை ஓட்டிப் பார்த்தார். முதல் இரண்டு நாளும் கார் சமர்த்தாக ஓடிற்று. தங்கைக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்றாம் நாள் மத்தியான வெயிலில், கிண்டி அருகே, அவர் கையிலேயே அணைந்தது! பெட்ரோல் பம்பில் கோளாறாம். வாரண்டி முடிய முப்பத்தொரு நாள் பாக்கி இருந்தது. காலணா செலவில்லாமல் புதுப் பம்பு போட்டுக் கொடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் வந்து நிதானமாக உட்கார்ந்து காப்பி குடித்தாள். போகும்போது, "அக்கா, அதே மாதிரி காரை எத்தனையோ பேர் ஓட்டுகிறார்களே, அவர்களுக்கு?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அன்று இரவே அவள் போக்குவரத்து அமைச்சகத்துக்கும் தன் புகாரை எழுதி அனுப்பிவிட்டாள். உங்கள் வண்டியும் என்றைக்காவது நடுரோட்டில் அணைந்திருந்தால், மேஜை டிராயரில் கிடக்கும் அந்த ஜாப் கார்டை இன்றைக்கே எடுத்து, அதில் என்ன வார்த்தை எழுதியிருக்கிறது என்று ஒரு தரம் படித்துப் பாருங்கள்.

மற்றவை அடுத்த வாரம்.